மெதுவான போனை வெளியே போடலாமா?

வரிசை என்றால் என்னவென்று எங்கட தலைமுறைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2022இல் பெற்றோலுக்கு நின்றோம், மண்ணெண்ணெய்க்கு நின்றோம், காஸ் சிலிண்டருக்கு நின்றோம். இரவு முழுக்க நின்று, பம்புக்குக் கிட்ட வந்த நேரம் "முடிஞ்சுது" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். அந்த வரிசைகள் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தன. பொருள் குறைவாக இருப்பது ஒரு பிரச்சினை. இருக்கிற பொருளைப் பங்கிடுகிற முறை பிழையாக இருப்பது வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டையும் தீர்க்க முடியாது.

இந்தக் கட்டுரை பெற்றோலைப் பற்றியது இல்லை, வைஃபையைப் பற்றியது. ஆனால் அந்தப் பாடம்தான் இங்கேயும் வருகிறது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலையில் சனி, ஞாயிறுகளில் நாங்கள் சில பேர் ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகளோடு இருக்கிறோம். வெளியூர் ஆக்களுக்காக: மட்டக்களப்பு வாவியின் கடல் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, மற்றப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை. பெரிய ரியூசன் வகுப்பு, போட்டோகொப்பிக் கடை, நல்ல சிக்னல் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில்தான். அதனால் ஒரு பழைய லேப்டொப்பில் கடந்தகால வினாத்தாள்கள், பாடநூல்கள், பாட வீடியோக்கள் எல்லாவற்றையும் நிரப்பி வாசிகசாலை மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு ரவுட்டர். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வருகிற போனில் அந்த வைஃபையைப் பிடித்தால் லேப்டொப்பில் கிடப்பதெல்லாம் இலவசம். ஒரு சதத்துக்கு டேட்டா போகாது. ரவுட்டரில் ஒரு சிம்மும் கிடக்கு, அது அவசரத்துக்கு.

பத்துப் பேர் வந்த வரைக்கும் சிக்கல் இல்லை. இருபது பேர் ஆனதும் எல்லாம் இறுகிப்போனது. வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். அரைப் பக்க வினாத்தாள் திறக்க ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். "அண்ணா, நெட் ஸ்லோ", "அக்கா, டவர் வேலை செய்யல்லையா?" என்று ஒரே முறைப்பாடு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகள் இறக்குகிற ஃபைல் எல்லாம் பத்தடி தூரத்தில் மேசையில் கிடக்கிறது. கம்பனி, கேபிள், கொழும்பு என்று யாரையும் திட்ட முடியாது. நெரிசல் எங்கட அறைக்குள்ளேயே இருந்தது.

எங்களில் ஒருவன், கொஞ்சம் விஷயம் தெரிந்தவன், ரவுட்டரின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், நாலைஞ்சு பழைய போன்தான் எல்லாத்தையும் இழுத்துப் புடிக்குது. அதுகளைக் கழட்டி விட்டாச் சரி, மத்த ஆக்களுக்குப் பறக்கும்." அவன் சொன்னது புரளி இல்லை. சிக்னல் குறைந்த கருவிகளை ஏற்காமல் விடுகிற செட்டிங் பல ரவுட்டர்களில் உண்டு. இணையத்தில் தேடினால் கிடைக்கிற முதல் அறிவுரைகளில் ஒன்றும் அதுதான்.

அந்தப் பட்டியலில் ஆக மெதுவாகக் கிடந்த போன் யாருடையது என்றும் எங்களுக்குத் தெரியும். பத்தாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சியினுடையது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து, மற்றவர்களைக் குழப்பக் கூடாதென்று விறாந்தையில் இருந்து படிப்பாள். ரவுட்டருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சீமெந்துச் சுவர். கண்ணாடி வெடித்த பழைய போன். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை. சனிக்கிழமை பின்னேரம் தாய் கோல் எடுக்கிறதும் இந்த வாசிகசாலை வைஃபையில்தான்.

அவளைக் கழட்டி விடலாமா? அதைத் தீர்மானிக்க முதல், அவளுடைய போன் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க நினைத்தோம். அப்படித்தான் வைஃபை டிரைவருக்குள் போனோம்.

முதலில், பாக்கெட் எங்கே காத்திருக்கிறது? நீங்கள் கேட்கிற வீடியோ ஒரே துண்டாக வருவதில்லை. ஏறத்தாழ 1500 பைட் அளவுள்ள பாக்கெட்டுகளாக உடைந்து வருகிறது. காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பும். ஆகவே அனுப்ப முடியாத பாக்கெட்டுகள் ரவுட்டருக்குள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைப் பிடித்துவைத்து, வானொலிச் சிப்புக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கிற மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பேர்.

வரிசை எவ்வளவு நீளமாக இருக்கலாம்? லினக்ஸில் வெகு காலமாக இருந்த வழமை 1000 பாக்கெட். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பாக்கெட் என்றால் 15 லட்சம் பைட், அதாவது 12 மெகாபிட். செக்கனுக்கு 100 மெகாபிட் ஓடுகிற இணைப்பில் இந்த வரிசை 0.12 செக்கனில் தீரும். ஒருவருக்கும் தெரியாது. அதே வரிசை செக்கனுக்கு 1 மெகாபிட் ஓடுகிற இணைப்பில் தீர 12 செக்கன் எடுக்கும். பாக்கெட்டின் எண்ணிக்கை ஒன்றுதான், காத்திருப்பு நூறு மடங்கு. வைஃபையில் வேகம் ஆளுக்கு ஆள், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சுவருக்குப் பின்னால் போனால் குறையும், கதவைத் திறந்தால் கூடும். அப்படியான இடத்தில் "ஆயிரம் பேர் நிற்கலாம்" என்று ஒரு நிலையான எண்ணை எழுதி வைப்பது, பாதை வருமோ வராதோ தெரியாத துறையில் ஆட்களை அடைத்து வைப்பது மாதிரி.

இப்படி வீங்கிய வரிசைக்கு ஒரு பேர் உண்டு: பஃபர்புளோட். 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தன் வீட்டு இணைப்பு ஏன் சும்மா சும்மா தொங்குகிறது என்று தோண்டிப் பார்த்து, பிரச்சினைக்கு இந்தப் பேரை வைத்தார். நினைவகம் மலிவாகிப் போனதால் கருவி செய்கிறவர்கள் வரிசைக்கு இடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பாக்கெட்டும் விழக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் பாக்கெட் விழுவதைப் பார்த்துத்தான் அனுப்புகிற பக்கம் "கொஞ்சம் மெதுவாகப் போவம்" என்று முடிவெடுக்கிறது. விழாமல் வரிசையில் அடுக்கிக்கொண்டே போனால் அந்தச் செய்தி போய்ச் சேராது. வரிசை நிறைந்தே கிடக்கும்.

2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேகப்சனும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: கோடெல். அதன் சாரம் எளிமையானது. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாதே. முன்னுக்கு வந்த ஆளைப் பார்த்து "எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று மட்டும் கேள். தொடர்ந்து கூட நேரம் நிற்க வேண்டி வந்தால் ஒரு பாக்கெட்டைக் கீழே போடு, அனுப்புகிறவருக்குச் செய்தி போகட்டும். எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தை அளந்தார்கள். பின்னால் வருகிற எல்லாம் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் கிளைக்கிறது.

அடுத்தது, அந்தப் பழைய போன் மற்றவர்களை எப்படி இழுத்துப் பிடிக்கிறது?

வைஃபையின் பழைய நியாயம்: ஆளுக்கொரு முறை. நீ ஒரு பாக்கெட், நான் ஒரு பாக்கெட். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. இப்போது கணக்கு. பழைய 802.11பி வைஃபையில் நல்ல சிக்னல் உள்ள போனுக்கு செக்கனுக்கு 11 மெகாபிட், சிக்னல் கெட்ட போனுக்கு 1 மெகாபிட். ஒரு பாக்கெட் 12,000 பிட். முதல் போனுக்கு அதை அனுப்ப 1.09 மில்லிசெக்கன் போதும், இரண்டாவதுக்கு 12 மில்லிசெக்கன் வேணும். மாறி மாறி ஒவ்வொரு பாக்கெட் என்றால் ஒரு சுற்றுக்கு 13.09 மில்லிசெக்கன். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாக்கெட்தான். ஆகவே இருவருக்கும் கிடைப்பது செக்கனுக்கு சுமார் 0.92 மெகாபிட். அதாவது 11 மெகாபிட் போனும் 1 மெகாபிட்டுக்குக் கீழே வந்து விழுகிறது! 2003இல் பிரான்சில் மார்ட்டின் ஹோய்ஸும் கூட்டாளிகளும் இதை அளந்து, வைஃபையின் 'செயல்திறன் முரண்' என்று எழுதினார்கள்.

எங்கட அறைக்கு வருவோம். 19 நல்ல போன், 1 மெதுவான போன், எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 32.7 மில்லிசெக்கன். அதில் 12 மில்லிசெக்கன் ஒரே ஒரு போனுக்கு. இருபதில் ஒரு ஆள், நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கிறார். ஆக, கூட்டாளி சொன்ன குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் குற்றவாளி போன் இல்லை. பாக்கெட்டை எண்ணிப் பங்கு போடுகிற விதிதான் குற்றவாளி.

விதியை மாற்றலாம். 2004இல் கோட்ஃப்ரி டான், ஜோன் கட்டக் என்ற இருவர், பாக்கெட்டைச் சமமாகப் பங்கிடாமல் காற்றில் செலவாகும் நேரத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று எழுதினார்கள். அது உண்மையான ரவுட்டர்களுக்குள் வர பத்து வருசத்துக்கு மேல் ஆனது. சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோக்க ஹொய்லண்ட்-யோர்கன்சன், அமெரிக்காவின் டேவ் டாட் முதலானவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இதை லினக்ஸ் கேர்னலுக்குள் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு போனுக்கும் தனி வரிசை. ஒவ்வொரு போனுக்கும் ஒரு நேரக் கணக்குப் புத்தகம். பாக்கெட் போனால் அது காற்றில் எடுத்த நேரம் கணக்கில் கழியும். கணக்கு மைனஸ் ஆனால் வரிசையின் கடைசிக்குப் போய், அடுத்த சுற்றில் திரும்ப நிரம்பும் வரை நிற்க வேணும்.

இது எங்களுக்குப் புதிதா? 2022 ஆடி மாதம் வந்த கியூஆர் முறை இதுதானே! மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அது முடிந்தால் அடுத்த கிழமை வரை பொறு. கியூஆர் வந்ததால் நாட்டுக்குள் ஒரு சொட்டு பெற்றோல் கூடவில்லை. ஆனால் றோட்டில் கிடந்த வரிசை சுருங்கியது. ஆட்கள் வீட்டில் காத்திருந்தார்கள், பம்படியில் இல்லை.

தனி வரிசைக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வாவியைப் பாதையில் கடந்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். இங்கே 'பாதை' என்றால் றோட் இல்லை. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் எங்கட பக்கம் அந்தப் பேர். 2014இல் மண்முனைக்குப் பாலம் வந்த பிறகும் குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குருமண்வெளி – மண்டூர் துறைகளில் பாதைதான் ஓடியது. பாதை ஒரு ஆளுக்காகப் புறப்படாது. போய்வருகிற செலவு எப்படியும் ஒன்றுதான், அதனால் நிரப்பிக்கொண்டுதான் போகும். வைஃபையும் அப்படித்தான். ஒவ்வொரு அனுப்பலுக்கும் முன்னும் பின்னும் வீணாகிற நேரம் இருக்கிறபடியால், 2009இல் வந்த 802.11என் காலத்திலிருந்து பல பாக்கெட்டுகளை ஒரே பயணத்தில் கட்டி அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு கட்டு ஒரு போனுக்குத்தான் போகலாம். அம்பிளாந்துறைக்குப் போகிறவர்களும் மண்டூருக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் கலந்து நின்றால் எந்தப் பாதையும் நிரம்பாது. துறைக்குத் துறை வரிசை பிரிந்தால்தான் நிரம்பும்.

இதுவரை நல்ல கதை. ஆனால் நாங்கள் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்ததில் ஒரு கசப்பும் வந்தது. நேரத்தைச் சமமாக இருபதாகப் பிரித்தால், 11 மெகாபிட் போனுக்கு செக்கனுக்கு 550 கிலோபிட் வரும். முன்பு 367 கிலோபிட்தான். ஆனால் விறாந்தையில் இருக்கிற தங்கச்சிக்கு? முன்பு அவளுக்கும் 367. இப்போது 50. நேரம் சமம், கையில் வருவது சமமில்லை. "இதுக்கும் கழட்டி விடுறதுக்கும் என்ன வித்தியாசம்? கொஞ்சம் மெதுவாக் கழட்டுறம், அவ்வளவுதான்" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியை நாங்கள் சுலபமாகக் கடந்து போகவில்லை.

இரண்டு விஷயம் எங்களுக்குப் பதிலாகத் தெரிந்தது. ஒன்று, இருபது பேரும் இடைவிடாமல் இறக்குகிற நேரம் அருமை. வாசிக்கிற நேரம் போன் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறவரின் பங்கு கேட்கிறவருக்குப் போகும். இரண்டு, ஒரு குரல் அழைப்புக்குச் செக்கனுக்குச் சில பத்து கிலோபிட் போதும். அழைப்பைக் கொல்வது வேகக் குறைவு இல்லை, தாமதம். பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது, 400ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பழைய முறையில் 367 கிலோபிட் கிடைத்தும் தாயின் குரல் செக்கன் கணக்கான வரிசைக்குப் பின்னால் சிக்கிக் கிடந்தது. "ஹலோ, கேக்குதா? கேக்குதா மகள்?" என்று இரண்டு பக்கமும் கத்தினது அதனால்தான். புதிய முறையில் 50 கிலோபிட்தான் வந்தாலும் வரிசை சின்னது. 2017 ஆய்வு காட்டியதும் அதைத்தான்: நெரிசல் நேரத்துத் தாமதம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தது. போதாதற்கு, எப்போதாவது ஒன்றிரண்டு பாக்கெட் மட்டும் கேட்கிற போனுக்கு ஒரு சுற்று முன்னுரிமையும் அந்த நிரலில் உண்டு.

இனி ஆகக் கடினமான பகுதி: மதிப்பீடு. நேரத்தைப் பங்கிட வேண்டுமென்றால் ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிய வேணும். அது போனின் வேகத்தைப் பொறுத்தது. வேகமோ யாரும் எழுதி வைத்த எண் இல்லை, ஊகித்துத்தான் பிடிக்க வேணும். லினக்ஸில் இதற்கு மின்ஸ்ட்ரல் என்று ஒரு முறை இருக்கு. பேரின் பொருள் ஊர் ஊராகத் திரிந்து பாடும் பாணன். பெரும்பாலான பாக்கெட்டுகளை நன்றாகப் போய்ச் சேருகிற வேகத்தில் அனுப்பும். பத்தில் ஒரு பங்களவை வேறு வேகங்களில் அனுப்பிப் பார்க்கும், எந்த ஊரில் பரிசில் கூட என்று பாணன் எட்டிப் பார்க்கிற மாதிரி. கிடைத்த பலனைப் பழைய சராசரியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, "இந்தப் போனுக்கு இப்போது இவ்வளவு எதிர்பார்க்கலாம்" என்று ஒரு எண் சொல்லும். வெறும் வேகத்தை மட்டும் பார்க்காது. வேகத்தையும், போய்ச் சேரும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் அந்த எண். பத்து அனுப்பி ஐந்து சேருகிற அதிவேகத்தை விட, பத்தும் சேருகிற நடுத்தர வேகம் மேல்.

சில சிப்புகளில் இதிலும் சிக்கல். வரிசையின் ஒரு பகுதி சிப்புக்குள்ளே, அதன் சொந்த மென்பொருளுக்குள் ஒளிந்து கிடக்கும். வெளியே எவ்வளவு ஒழுங்காக நின்றாலும் உள்ளே இன்னொரு நெரிசல். கூகுள் பொறியியலாளர்கள் தொடங்கிய வேலை ஒன்று 2020 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 5.5இல் சேர்ந்தது. சிப்புக்குள் கொடுக்கிற பாக்கெட்டுகள் காற்றில் எத்தனை மில்லிசெக்கன் எடுக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, நெரிசல் நேரம் ஒரு போனுக்கு 5 மில்லிசெக்கன் அளவு, மற்ற நேரம் 12 வரை, அதற்கு மேல் உள்ளே விடாதே என்பது அதன் விதி. மதிப்பீடு துல்லியமாக இருக்கத் தேவையில்லை. வரிசை வெளிச்சத்தில், எங்களுக்குத் தெரிகிற இடத்தில் நின்றால் போதும்.

இந்த நிரலை வாசிக்கும்போது எங்களை நிறுத்தின இடம் ஒன்று உண்டு. 2017இல் சேர்ந்த ஒரு சின்னத் துண்டு. ஒரு போனின் எதிர்பார்க்கும் வேகம், இணைந்திருப்போர் எண்ணிக்கையை 6 மெகாபிட்டால் பெருக்கி வருகிற அளவுக்குக் கீழே போனால், கோடெல் அந்தப் போனை மட்டும் வேறு மாதிரிப் பார்க்கும். வழமையாக 20 மில்லிசெக்கனுக்கு மேல் காத்திருந்தால் கண்டிப்பு தொடங்கும். மெதுவான போனுக்கு 50 மில்லிசெக்கன் வரை பொறுக்கும். காரணம் இரக்கம் இல்லை, கணிதம்: மெதுவான போனுக்கு முறை வருவதே பிந்தித்தான், அதையும் பிந்தினதாகக் கணக்கெடுத்துப் பாக்கெட்டைக் கீழே போட்டால் அதற்கு ஒன்றுமே மிஞ்சாது. ஒரே எண் இருவர் கையில் இருக்கிறது. எங்கட கூட்டாளி அந்த எண்ணைப் பார்த்துக் "கழட்டி விடு" என்றான். இந்த நிரல் அதே எண்ணைப் பார்த்து "கொஞ்சம் கூடப் பொறு" என்கிறது.

இதெல்லாம் எங்கேயோ வெள்ளைக்காரர் ஊரில் நடக்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுத் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் 2000களின் நடுவிலேயே இதைக் கையிலெடுத்தார்கள். சுற்றியுள்ள ஊர்களின் சின்னக் கண் நிலையங்களுக்கும் தேனி மருத்துவமனைக்கும் நடுவில் மலிவான வைஃபைக் கருவியும் அன்ரெனாவும் வைத்து, நோயாளி ஊரிலிருந்தே டொக்டரோடு வீடியோவில் பேச வழி செய்தார்கள். வைஃபை ஓர் அறைக்காகச் செய்யப்பட்டது. அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற பதில் உடனே வர வேணும். கிலோமீற்றர் கணக்கில் தூரம் கூடினால் பதில் பிந்தும், அனுப்பியவர் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்புவார், காற்று முழுக்க ஒரே விஷயமே திரும்பத் திரும்ப ஓடும். அவர்கள் புதுக் கருவி வாங்கவில்லை, மென்பொருளை மாற்றினார்கள். இரண்டு முனைக்கும் பேச முறை வைத்து நேரம் பிரித்தார்கள். பதிலை ஒவ்வொன்றாகக் கேட்காமல் மொத்தமாகக் கேட்டார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய வைல்ட்நெட் ஆய்வில் சாதாரண வைஃபையை விட 2 முதல் 5 மடங்கு வரை கூடுதல் வேகம் கிடைத்தது. வரிசையைப் பார்த்துக்கொள்கிற நிரல் திருந்தியதுக்கு ஒரு கண் நோயாளிக்கு பஸ் செலவு மிச்சமானது.

எங்கட வாசிகசாலையில் என்ன செய்தோம்? பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஏதெரோஸ் சிப் உள்ள ஒரு பழைய ரவுட்டர் தேடிப் பிடித்து, ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டோம். மேலே சொன்ன தனி வரிசையும் நேரக் கணக்கும் அதற்குள் ஏற்கெனவே இருக்கு. சிம் பக்கத்துக்கும் வரிசைக் கட்டுப்பாடு போட்டு, டவர் தருகிற வேகத்துக்குக் கொஞ்சம் கீழே எல்லை வைத்தோம், நெரிசல் டவரில் இல்லாமல் எங்கட கண் முன்னால் நிற்கட்டும் என்று. பிறகு நாலு போனில் வீடியோ இறக்கவிட்டு, ஐந்தாவது போனில் பிங் ஓட்டிப் பார்த்தோம். முன்பு செக்கன் கணக்கில் போன பதில், பத்துக்கணக்கான மில்லிசெக்கனில் வந்தது.

ஆனால் ஆகப் பெரிய மாற்றம் நிரலில் இல்லை. ரவுட்டரை மேசையிலிருந்து எடுத்து, விறாந்தைப் பக்க யன்னலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். சுவர் நடுவிலிருந்து போனது. மின்ஸ்ட்ரல் பாணன் தானாகவே அந்தப் பழைய போனுக்கு மேல்வேகம் பிடித்துக்கொண்டான். அவள் மெதுவானவள் இல்லை, தூரத்தில் இருந்தவள். பெரிய வீடியோக்களுக்குக் குறைந்த அளவுப் பிரதியும் செய்து வைத்தோம். நியாயமான விதி, கிடைக்கிறதைப் பங்கிடும். கிடைக்கிறதைக் கூட்ட வேணுமென்றால் ஆணியும் சுத்தியலும் எடுக்கத்தான் வேணும்.

தீராதது ஒன்றும் இருக்கு. ஒரு குறிப்பிட்ட போனுக்கு மட்டும் நேரப் பங்கை இரட்டிப்பாக்கவும் இந்த மென்பொருளில் வழி உண்டு. சனிக்கிழமை பின்னேரம் கோல் வருகிற அரை மணித்தியாலத்துக்கு அந்தத் தங்கச்சிக்கு அதைச் செய்யலாமா என்று பேசினோம். ஒருவன் "சமம் எண்டா எல்லாருக்கும் சமம்" என்றான். இன்னொருத்தி "எல்லாருக்கும் தாய் வீட்டிலயா இருக்கா?" என்று கேட்டாள். இன்னும் முடிவு இல்லை. அது நிரலுக்கு விட்டுவிடுகிற முடிவும் இல்லை. அந்த வாசிகசாலைப் பிள்ளைகளையே கூட்டி வைத்துக் கேட்கப் போகிறோம்.

நீங்கள் உங்கட வீட்டிலோ கம்பஸ் விடுதியிலோ இதைச் செய்து பார்க்கலாம். நெட் இறுகுகிற நேரம் ஸ்பீட் டெஸ்ட் போடாதீர்கள். அதில் முன்னுக்குத் தெரிவது எவ்வளவு வருகிறது என்பதுதான், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பது இல்லை. ஒரு பெரிய ஃபைலை இறக்கவிட்டுக்கொண்டே, முதலில் உங்கட ரவுட்டருக்கும் பிறகு வெளியேயுள்ள ஒரு தளத்துக்கும் பிங் பாருங்கள். ரவுட்டருக்கே எண் ஏறினால் நெரிசல் உங்கள் அறைக்குள். கம்பனிக்கு ஃபோன் எடுக்க முதல், ரவுட்டர் எங்கே கிடக்கிறது, அதிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பது யார் என்று ஒருக்காத் திரும்பிப் பாருங்கள்.